யோவேல் 10:3

பிப்ரவரி 10, 2024, சனி

மழை விட்டு மூன்று நாளாகிறது. போன வாரம் கொட்டிய கொட்டில் இங்கே கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் பலர் வீட்டு கராஜுக்குள் தண்ணீர். அதனால் இன்றைக்குத் தெருவுக்கு இரண்டு கராஜ் சேல். நனைந்த சாமானை வெயிலில் காயப்போட்டு, காய்வதற்குள் விலையும் ஒட்டிவிடுகிறார்கள்.

நான் போனது ஏணி வாங்க. வாங்கி வந்தது ஒரு ஷூ பெட்டி நிறைய கேசட். ஐந்து டாலர். விற்ற அம்மாவுக்கு அறுபதுக்கு மேலிருக்கும். தம்பியுடையதாம், அவன் வந்து எடுத்துப் போகப்போவதில்லையாம். பெட்டி மூடியில் மஞ்சளும் கறுப்புமாக மாற்றி மாற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அந்த இரண்டு நிறத்தைப் பார்த்துத்தான் கை போனது. மஞ்சள், கறுப்பு என்றால் ஸ்ட்ரைப்பர். ஹெவி மெட்டல் என்ற இரைச்சலான ராக்கில் இயேசுவைப் பாடும் அமெரிக்கக் குழு.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1988இலிருந்து மூன்று வருஷம் நாகர்கோவிலில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் நின்றவன் நான். படப்பாட்டு, கீர்த்தனை, கன்வென்ஷன் பிரசங்கம், எல்லாம் பதிவோம். கப்பலில் வேலை பார்த்த ஒருத்தர் லீவில் வந்தபோது ஸ்ட்ரைப்பரின் ‘டு ஹெல் வித் த டெவில்’ கேசட்டைக் காப்பி போடக் கொடுத்தார். முதலாளி அட்டையில் ‘ஹெல்’ என்றிருப்பதைப் பார்த்ததும் கடைக்குள் வைக்கக் கூடாது என்றுவிட்டார். இவர்கள் பிசாசைத்தான் நரகத்துக்குப் போகச் சொல்கிறார்கள், வேத வசனம்கூட அச்சடித்திருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன். “அதுதாம்ல இன்னும் மோசம்” என்றார். ராத்திரி கடை சாத்தினபிறகு எனக்கொரு காப்பி போட்டுக்கொண்டேன். அதுவே நான் கேட்ட முதல் மெட்டல்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துப் பிரித்தேன். மொத்தம் 31. அதில் 21 கம்பெனி கேசட். ஸ்ட்ரைப்பர் மூன்று, சியாட்டில் பக்கத்து பிளட்குட்டின் முதல் ஆல்பம், பேரன் கிராஸின் ‘அடாமிக் அரீனா’, ஓரிகன் மாநிலத்து செயின்ட் குழுவின் ‘டைம்ஸ் எண்ட்’, ஸ்வீடனின் ஜெருசலேம், 1987இல் வந்த ‘கலிபோர்னியா மெட்டல்’ என்ற தொகுப்பு. இதெல்லாம் தேடினால் இன்றைக்கும் கிடைக்கும்.

மிச்சத்தில்தான் விஷயம். ஒன்பது டெமோ கேசட். எந்தக் கடையிலும் விற்றிருக்காது. கம்பெனிக்காரனுக்கும் பத்திரிகைக்கும் கச்சேரிக்கு இடம் கொடுப்பவனுக்கும் காட்ட, பிள்ளைகள் தாங்களே பதிந்து, ஐம்பதோ நூறோ காப்பி போட்டுத் தபாலில் அனுப்பியவை. அட்டை ஜெராக்ஸ். எழுத்து டைப்ரைட்டர், சிலதில் கையெழுத்து. எல்லாவற்றிலும் ஒரு தபால் பெட்டி எண், ஒரு போன் நம்பர், ஒரு வசனம். மூன்று குழுக்காரர்கள் பெயரை மின்னல் மாதிரி கோணல்மாணலாக வரைந்திருக்கிறார்கள், படிக்கவே முடியவில்லை. ஒன்றில் சிலுவைக்குப் பின்னால் டிராகன். வரைந்த பையனுக்கு டிராகன் வந்த அளவு சிலுவை வரவில்லை.

31ஆவது கேசட்டுக்கு டப்பாவே இல்லை. ஓட்டில் அச்சடித்த லேபிளை பிளேடால் சுரண்டியிருக்கிறது. ஓட்டின் தலையில் இரண்டு பிளாஸ்டிக் நாக்கு இருக்குமே, உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. அதை உடைத்து, உடைத்த ஓட்டையை மறுபடி செல்லோடேப் போட்டு மூடியிருக்கிறது. இந்த வேலையை நான் எத்தனை கேசட்டுக்குச் செய்திருப்பேன்! வேறு ஏதோ இருந்த கேசட்டின் மேல் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்கு நேர்மாறாக, கேசட்டே இல்லாத டப்பா ஒன்றும் இருந்தது. அட்டையில் மூன்று பாட்டின் பெயர். அடியில் ‘யோவேல் 10:3’.

பைபிளில் யோவேல் புத்தகத்துக்கு மூன்று அதிகாரம்தானே உண்டு.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

லெந்து, அதாவது தவக்காலம், தொடங்கிவிட்டது. லெந்து நாளில் சினிமாப் பாட்டுக் கிடையாது என்பது சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சட்டம். இந்தக் கேசட்டெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்று வீட்டில் கேட்டேன். “முதல்ல அது பாட்டா?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

வெளியே கேட்டால் ஸ்ட்ரைப்பரிலிருந்துதான் கிறிஸ்தவ மெட்டல் எல்லாம் தொடங்கியதுபோலச் சொல்வார்கள். அப்படியில்லை. சிகாகோவில் ‘ஜீசஸ் பீப்பிள்’ என்று ஒன்றாகக் கூடி வாழ்ந்த சமூகத்திலிருந்து வந்த ரெசரக்ஷன் பேண்ட் 1978லேயே ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’ போட்டுவிட்டது, கனமான ராக். அதே வருஷம் ஜெருசலேமின் முதல் தட்டு. ஆனால் மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் என்ற அண்ணன் தம்பியும் கூட்டாளிகளும் ‘ராக்ஸ் ரெஜீம்’ என்ற பழைய பெயரை விட்டுவிட்டு 1984இல் ஸ்ட்ரைப்பராக வந்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். 1986இல் வந்த ‘டு ஹெல் வித் த டெவில்’ அமெரிக்காவில் பத்து லட்சம் தாண்டி பிளாட்டினம் வாங்கியது.

அந்த மஞ்சள் கறுப்புக்கு ஒரு காரணம் சொல்வார்கள். குழுவின் சின்னத்திலேயே ஏசாயா 53:5 இருக்கும். நம் பைபிளில் ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’. பழைய ஆங்கில பைபிளில் அந்த இடத்தில் ‘ஸ்ட்ரைப்ஸ்’. அடிபட்ட தழும்புக்கும் சட்டையில் போடும் கோட்டுக்கும் அங்கே ஒரே சொல். தமிழில் படித்து வளர்ந்தவனுக்கு இந்தச் சிலேடை பிடிபடாது. வரிவரியாய்ச் சட்டை போட்டால் அது எப்படி சாட்சியாகும் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

பிப்ரவரி 17, சனி

முதலில் கேசட் போடும் டெக்கைச் சரிபண்ண வேண்டியிருந்தது. எட்டு வருஷமாக அலமாரி மேல் கிடந்தது. திறந்து பார்த்தால் பெல்ட் உருகிக் கறுப்புப் பசையாக மோட்டார் சக்கரத்தில் அப்பியிருக்கிறது. விரலில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்து, புது பெல்ட் மாட்டவே மதியம் இரண்டு மணி. பிறகு நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பட்ஸால் துடைத்தேன். உருளையிலிருந்து வந்த பழுப்பு, செங்கல் பொடி நிறம். அது அழுக்கு மட்டுமில்லை, யாரோ பாடியதும் கொஞ்சம் அதில் உதிர்ந்திருக்கும்.

அடுத்தது ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகு. வீட்டில் பதிந்த ஒவ்வொரு கேசட்டும் பதிந்த மெஷினின் கோணலோடுதான் பிறக்கிறது. நம் ஹெட் அதே கோணத்தில் நிற்காவிட்டால் மேல் ஸ்தாயி எல்லாம் அமுங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்கும். திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் சிம்பல் ‘ஸ்ஸ்’ என்று திறந்துகொள்ளும். அதோடு நிறுத்திவிட வேண்டும். அந்த நொடி இருக்கிறதே, கடையில் நின்ற காலத்தில் எனக்குப் பிடித்த ஒரே வேலை அதுதான்.

முதலில் போட்டது ஒரு திராஷ் குழு, அதிவேக மெட்டல். நாலு பாட்டு. டிரம் அடிப்பவன் எல்லாரையும்விட ஒரு எட்டு முன்னால் ஓடுகிறான், மற்றவர்கள் பிடிக்க ஓடுகிறார்கள். இரண்டாவது பாட்டில் ‘ரத்தம்’ என்ற சொல் பதினேழு தடவை வருகிறது, எண்ணினேன். ஆனால் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கும் இருபது நொடி, எங்கே கற்றான் அந்தப் பையன்!

பிப்ரவரி 19, திங்கள்

லீவு. மூன்று கேசட் கேட்டேன். ஒன்று இனிப்பான ஹார்ட் ராக், பாதி ஸ்ட்ரைப்பர் நகல். ஒன்றில் டிரம்முக்குப் பதில் கீபோர்டின் டக்கு டக்கு, பாவமாக இருந்தது. மூன்றாவது நன்றாகவே இல்லை. பழசு, அரிது என்பதற்காக எல்லாவற்றையும் பொக்கிஷம் என்று சொல்லும் பழக்கம் இந்தப் பித்துப் பிடித்தவர்களிடம் உண்டு. எனக்கு அது ஒத்துவராது.

பிப்ரவரி 24, சனி

டப்பா இல்லாத அந்தக் கேசட்டை இன்று போட்டேன். ராத்திரி பதினொன்றரை, எல்லாரும் தூங்கியாகிவிட்டது, காதில் ஹெட்போன்.

ஏ பக்கம். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல டிரம். தூம்… தூம்… இடது காதில் அது, வலது காதில் பேஸ் கிட்டார். அவ்வளவுதான். பாட்டில்லை, கிட்டாரில்லை. சிகாகோவில் ட்ரபிள் என்று ஒரு குழு உண்டு, ஆமை வேகத்தில் கனமாக வாசிப்பவர்கள். 1984இல் அவர்கள் முதல் தட்டு வந்தபோது கம்பெனி அதற்கு ‘வெள்ளை மெட்டல்’ என்று பெயர் வைத்து விற்றது. அந்த வகையறாவோ என்று நினைத்தேன். இருபத்திரண்டு நிமிஷம் இதே கதை. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். உடனே கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒரு ஆள் குரல். பிரசங்கம். பைபிளில் வரும் யோனா கப்பலின் கீழ்த்தட்டில் இறங்கிப்போய்த் தூங்குகிற இடம். எட்டு நிமிஷத்தில் பக்கம் முடிந்தது.

பி பக்கம் திருப்பினேன். அதே பிரசங்கம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. மீன் வயிறு, ஜெபம், கரை, நினிவே. ‘மூன்று நாள் பிரயாண…’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலை என்னவோ விழுங்கியது. நான் ஹெட்போனைக் கழற்றியே விட்டேன். அடித்தொண்டையில் ஒரு மிருகம், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுகிற மாதிரி. கிட்டார் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஊதி ஊதிப் பெருத்து, சட்டென்று அறுந்துபோகிறது. மறுபடி ஊதுகிறது.

ஐம்பத்திரண்டு வயதில், சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலை ஜெபத்தின் நடுவில் விடை கிடைத்தது. ஆண்டவர் மன்னிப்பாராக.

சாதாரண கேசட் நாடாவில் நாலு தடம் உண்டு. ஏ பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் பி பக்கத்துக்கு இரண்டு. 1979இல் டாஸ்கம் கம்பெனி ‘போர்ட்டாஸ்டுடியோ’ என்று ஒரு பெட்டி கொண்டுவந்தது. அது நாலு தடத்தையும் ஒரே திசையில், தனித்தனியாகப் பதியும். இன்று டிரம், நாளைக்கு பேஸ், அப்புறம் கிட்டார், கடைசியில் குரல். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். தரம் வேண்டும் என்பதற்காக நாடாவையும் இரட்டை வேகத்தில் ஓட்டும்; நொடிக்கு 4.76 செ.மீ. ஓடவேண்டியது 9.5 செ.மீ. ஓடும்.

அந்த நாடாவை வீட்டு டெக்கில் போட்டால்? எல்லாம் பாதி வேகம். ஏ பக்கத்தில் முதல் இரண்டு தடம் நேராக. பி பக்கத்தில் மற்ற இரண்டும் தலைகீழாக, பின்னாலிருந்து முன்னால். பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பால், அடியில் முதலில் இருந்த பிரசங்கம் அப்படியே மிச்சம். ஏ பக்கத்தின் வால், பி பக்கத்தின் தலை.

ஆக நான் பயந்தது ஒரு கிறிஸ்தவப் பாட்டைத் தலைகீழாகக் கேட்டு! அந்தக் காலத்தில் ராக் தட்டுகளைப் பின்னோக்கிச் சுற்றி, இதோ சாத்தான் பேசுகிறான் என்று மேடைக்கு மேடை போட்டுக்காட்டிய ஊழியக்காரர்கள் இங்கே ஏராளம். பாட்டுக்குள் ஒளித்த வார்த்தை இருக்கிறதென்று ஜூடாஸ் பிரீஸ்ட் குழுமேல் 1990இல் ரீனோ நகரத்துக் கோர்ட்டில் வழக்கே நடந்தது, நிற்கவில்லை. பெட்ரா என்ற கிறிஸ்தவ ராக் குழு 1982லேயே இதைக் கிண்டல் செய்தது. ஒரு பாட்டின் தொடக்கத்தில் வேண்டுமென்றே சில சொற்களைத் தலைகீழாக வைத்தார்கள். மெனக்கெட்டுத் திருப்பிக் கேட்டவனுக்குக் கிடைத்தது: கர்த்தரைத் தேடவேண்டிய நேரத்தில் பிசாசை ஏன் தேடிக்கொண்டிருக்கிறாய் என்ற கேள்வி.

மார்ச் 2, சனி

இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. மீதி வேலை மகளுடையது. அவளுக்குப் பதினாறு, ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பி பக்கத்தைத் திருப்பிப்போட்டாள், எல்லாவற்றையும் இரட்டை வேகமாக்கினாள். அதற்கு முன் அந்த மிருகக் குரலைக் கேட்டுவிட்டு, “சூப்பர்ப்பா, டெத் மெட்டலா?” என்றாள். திருப்பினபிறகு வந்தது மெல்லிசான, உச்சியில் உடைகிற ஒரு பையன் குரல். பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். அவளுக்கு ஏமாற்றம்.

நாலு தடத்தையும் ஒன்று சேர்ப்பதுதான் பாடு. தனித்தனியாக ஓட்டிப் பதிந்ததால் டெக் ஒரு தடவை இழுத்ததுபோல் இன்னொரு தடவை இழுப்பதில்லை. முதல் நிமிஷம் சேர்ந்து போகும், மூன்றாவது நிமிஷத்தில் குரல் டிரம்மை விட்டு நடந்துபோய்விடும். மகள்தான் வழி கண்டுபிடித்தாள். பாடகன் ஹெட்போனில் டிரம்மைக் கேட்டுக்கொண்டே பாடியிருக்கிறான். அந்த ஹெட்போன் சத்தம் மைக்கில் ஒழுகி, குரல் தடத்துக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ‘டிக் டிக்’ என்று இருக்கிறது. அந்த ஒழுகலை டிரம் தடத்தோடு பொருத்திக்கொண்டே போனாள். ஒரு பாட்டுக்கு மூன்று மணி நேரம். இரைச்சலைக் குறைக்க அந்தப் பெட்டியில் டிபிஎக்ஸ் என்று ஒன்று போட்டுப் பதிந்திருக்க வேண்டும். அதை அவிழ்க்கும் கருவி என்னிடம் இல்லை, ஆகவே சத்தம் மூச்சு வாங்குகிறது. இருக்கட்டும்.

மூன்று பாட்டு. பதினோரு நிமிஷம். முதல் பாட்டின் பல்லவியில் மண்வெட்டியைப் பட்டயமாக அடி, அரிவாளை ஈட்டியாக அடி என்று வருகிறது. எழுந்துபோய் பைபிளை எடுத்தேன். யோவேல் 3:10. காலி டப்பாவின் அட்டையைப் பார்த்தேன், அதிலும் மூன்று பாட்டு. எண்ணை மாற்றி அடித்துவிட்டிருக்கிறார்கள்! டப்பாவும் கேசட்டும் சேர்ந்துவிட்டன. வேதத்தில் இதைவிட மெட்டல் வசனம் கிடையாது என்பது வேறு விஷயம்.

மார்ச் 9, சனி

வாரம் முழுக்க அந்தக் குரல் தடத்தை மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டைவிட அதில் விஷயம் அதிகம். பாடுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிறான். நாற்காலி கிரீச்சிடுகிறது. இரண்டாவது பாட்டில் கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்தில் இவனுக்கு வேலையில்லை; பக்கத்தில் யாரோ எதையோ உறிஞ்சிக் குடிக்கிற சத்தம். தூரத்தில் ஒரு நாய். பாடி முடித்ததும் மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, ‘ஆமென்’. நாலு தடத்தையும் கலந்தால் இது ஒன்றும் கேட்காது.

நாகர்கோவிலிலிருந்து அம்மா போன். பின்னால் ஓடிக்கொண்டிருந்தது கேட்டுவிட்டது.

“யாருலே மக்கா அங்க கெடந்து கத்துகது?”

“ஏசப்பா பாட்டும்மா.”

“ஏசப்பாக்குக் காது நல்லா கேக்கும்லா, பின்ன எதுக்கு?”

டிவி பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட் 1987இல் இதே விஷயத்துக்கு ஒரு முழுப் புத்தகம் எழுதினார், கிறிஸ்தவ ராக் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று. மறுவருஷம் அவரே டிவியில் பாவம் செய்தேன் என்று அழுதார், அது தனிக் கதை. அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். சங்கீதம் 150இல் பேரோசையுள்ள கைத்தாளம் வருகிறதே என்று சொன்னேன். அது தாளம், இது இடி என்றாள்.

அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் இடியாகத்தான் இருந்திருக்கும். கிளப்பில் பிரசங்கி, சபையில் பிசாசு. கிறிஸ்தவப் புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்தே திருப்பி அனுப்புவார்கள். அவர்களுக்கென்று இருந்தவை கொஞ்சம். டெக்சஸ் ஆஸ்டினில் டக் வான் பெல்ட் 1985இல் தொடங்கிய ‘ஹெவன்ஸ் மெட்டல்’ பத்திரிகை, ஜெராக்ஸ் தாளாகத் தொடங்கியது. இங்கே தெற்கு கலிபோர்னியாவில் பாஸ்டர் பாப் பீமனின் ‘சாங்க்சுவரி’ சபை. நீள முடி, தோல் ஜாக்கெட், சங்கிலி எதையும் கழற்றாமல் உள்ளே வரலாம். வெஞ்சன்ஸ், டெலிவரன்ஸ், டூர்னிகெட் எல்லாம் அந்த வட்டாரத்துக் குழுக்கள். மற்றபடி தபால்காரர்தான் கதி.

மார்ச் 16, சனி

இந்த மாதிரி டெமோவெல்லாம் வீணாய்ப் போகும் என்பதில்லை. ஸ்ட்ரைப்பரின் ராக்ஸ் ரெஜீம் காலத்து டெமோ 2007இல் சிடியாகவே வந்தது. மெல்போர்னின் மார்ட்டிஃபிகேஷன் 1990இல் பதிந்த ‘பிரேக் த கர்ஸ்’ நாலு வருஷம் கழித்துத் தட்டாக வந்தது. அதைக் கேட்டால், பின்னால் அவர்கள் போன டெத் மெட்டலுக்கு இன்னும் போய்ச்சேராத, ஆனால் கிளம்பிவிட்ட குழு கேட்கும். ராக்ஸ் ரெக்கார்ட்ஸ், ரெட்ரோஆக்டிவ் மாதிரி சின்னக் கம்பெனிகள் இதையே தொழிலாக வைத்திருக்கின்றன. பெயரெடுத்த குழுவுக்கு இது சரி. பெயர் எடுக்காத குழுவுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது? அட்டையில் இருக்கும் போன் நம்பரை அடித்துப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை.

மகள் நேரே போட்டுவிடலாம் என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ‘ஆமென்’ யாரும் கேட்பதற்காகச் சொன்னதில்லை.

மார்ச் 23, சனி

கேசட் விற்ற அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கையில் வாழைப்பழ கேக், வீட்டில் கொடுத்தனுப்பியது. அட்டையைக் காட்டினேன். ஓ, அந்தக் கத்தல் என்றார். தம்பிதான் பாடியது. கராஜில் வைத்துத்தான் பதிந்தார்களாம், அந்த நாய்கூட இவருடையதாம்.

பிரசங்கத்தையும் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எந்தப் பிரசங்கம் என்றார். யோனா என்றேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து, அடுப்புக் கம்பியில் மாட்டினார்.

அப்பா. சின்னச் சபை, இப்போது இல்லை. 1991இல் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைக் கேசட்டில் பதிந்து பெட்டி பெட்டியாக வைத்திருப்பாராம். அந்தப் பெட்டிகள் பழைய வீட்டு கராஜிலேயே வெந்து, எல்லாம் குப்பைக்குப் போனதாம். வீட்டில் ஒரு குரல் கிடையாது.

தம்பியின் நம்பரைக் கொடுத்தார்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனை முடிந்து வந்து கூப்பிட்டேன். ஐடஹோவில் ஹீட்டர் ரிப்பேர் செய்கிறார். முதலில் விற்பனைக்காரன் என்று நினைத்து வைத்துவிட்டார். இரண்டாம் தடவை பாட்டின் பெயரைச் சொன்னேன்.

அப்பா பிரசங்கத்தின்மேல் மெட்டலைப் பதிந்தது பெரிய கலகம் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டார். கலகமுமில்லை ஒன்றுமில்லை, புதுக் கேசட் வாங்கக் காசில்லை, யோனா நாற்பது காப்பி விற்காமல் கிடந்தது. லேபிளைச் சுரண்டினது மட்டும் அப்பா கண்ணில் படாமலிருக்க.

அப்பா கேட்டாரா என்றேன். கேட்கவில்லை. ஆனால் அட்டை சாப்பாட்டு மேசையில் கிடந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தாராம். யோவேலில் பத்து அதிகாரம் கிடையாது என்றாராம். எழுந்துபோய்விட்டாராம். அந்த இசையைப்பற்றி அவர் சொன்னது மொத்தமே அவ்வளவுதான். அதற்குள் அறுபது அட்டை ஜெராக்ஸ் போட்டுத் தபாலிலும் அனுப்பியாயிற்றாம். பேனாவால் திருத்தலாம் என்றால் மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். அதையும் திருத்த மனம் வரவில்லையாம், ஏனென்று அவர் சொல்லவில்லை.

இப்போது பாடுவதுண்டா என்று கேட்டேன். சபைக்கே போவதில்லை என்றார். பாட்டை வெளியே போடலாமா என்றதற்கு, என் பெயர் வேண்டாம், மற்ற மூன்று பேரையும் நான் கேட்கிறேன், அதுவரை பொறுங்கள் என்றார். பொறுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, சனி

பிரசங்கத்தைத் தனியாக வெட்டியெடுத்தேன். ஏ பக்கத்து வால் எட்டு நிமிஷம், பி பக்கத்துத் தலை எட்டு நிமிஷம். ஒட்டவைத்தால் நடுவில் இடைவெளியே இல்லை, கேசட்டைத் திருப்புகிற நேரத்துக்கு அவர் ஒரு மூச்சு விட்டிருக்கிறார், அவ்வளவுதான். பதினாறு நிமிஷம். ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது.

அந்த அம்மாவின் சமையலறையில் வைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை, சிங்க் பக்கம் திரும்பி நின்று கேட்டார். அப்பா எப்போதும் அவசர அவசரமாகப் பேசுவார் என்றார் ஒரு தடவை. ‘மூன்று நாள் பிரயாண’ என்ற இடத்தில் அறுந்தது. அவர் திரும்பி, அடுத்து என்ன வரும் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அவரே தொடர்ந்தார். நினிவே ராஜா, சாம்பல், பிறகு அந்தச் செடி. செடியை அரித்த பூச்சியைப்பற்றி அப்பா ஒரு ஜோக் சொல்வாராம், ஒவ்வொரு தடவையும் அதே ஜோக். கையை ஆட்டி, குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினார். எனக்குச் சரியாகப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தேன். அவர் என்னைவிட அதிகம் சிரித்தார்.

கிளம்பும்போது கராஜிலிருந்து ஏணியையும் எடுத்துக் கொடுத்தார். பத்து டாலர் என்றார், வாங்கிக்கொண்டார்.